ஞாயிற்றுச் சொட்டும் புதன்கிழமை ஊசியும்

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி விடியல். இருட்டு கலையும் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். ராயபுரம் வரைக்கும் ஆட்டோவும் பைக்கும் அடைத்துக்கொண்டு நிற்கும். போலியோ சொட்டு மருந்து முகாமும் இப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். தெருமுனையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஐஸ் பொதிந்த நீலப் பெட்டி. ஒரு கையில் சங்கரா மீன் பை, இடுப்பில் பிள்ளை என்று ஒரு பெண் வந்து நிற்கிறாள். "ஆ காட்டு கண்ணு" என்கிறார் சிஸ்டர். பிள்ளை அண்ணாந்து வாயைத் திறக்கிறது. இரண்டு சொட்டு. இடது சுண்டுவிரல் நகத்தில் மை. பிள்ளை அந்த விரலை உயர்த்திப் பார்த்துக்கொண்டே போகிறது.

அதே பிள்ளை புதன்கிழமை வருகிறது. தமிழ்நாட்டில் புதன்தான் தடுப்பூசி நாள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும் சந்துக்குள் திரும்பியதுமே அதற்குப் புரிந்துவிடுகிறது. உள்ளேயிருந்து வரும் அழுகைச் சத்தத்தைக் கேட்டு அம்மாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொள்கிறது. வாசற்படியில் கால் வைக்கும்போது அதன் அழுகையும் உள்ளிருக்கும் அழுகையோடு சேர்ந்துவிடுகிறது. ஊசி போடப் போகிறவர் வேறு யாரோ அல்ல. ஞாயிற்றுக்கிழமை எந்த சிஸ்டரிடம் வாயைத் திறந்து காட்டியதோ, அதே சிஸ்டர்தான்.

வாயில் விடுவது வலிக்காது, ஊசி வலிக்கும், இதில் ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வலி உண்மைதான். ஆனால் சந்து முனையில் ஊசி இல்லை, வலியும் இல்லை. அங்கேயே அழுகை ஏன் தொடங்குகிறது என்பதுதான் என் கேள்வி. பல ஞாயிறுகளையும் பல புதன்களையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இது: வலியை மருந்து கொண்டுவருகிறது, பயத்தில் பெரும்பகுதியை நாம் சேர்த்துக் கொடுக்கிறோம். எந்த இடத்தில் சேர்க்கிறோம் என்று கண்டுபிடிக்க இந்த இரண்டு நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமும் அல்ல. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை போன்ற ஒரு அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு, பிறந்த கையோடு இடது தோளில் பி.சி.ஜி., தொடையில் ஹெபடைடிஸ் பி, வாயில் போலியோ சொட்டு. சொட்டும் ஊசியும் முதல் நாளே ஒன்றாகத்தான் அறிமுகம் ஆகின்றன. போலியோவுக்கே இப்போது சொட்டோடு ஊசியும் உண்டு. 2016-க்குப் பிறகு 6-வது வாரத்திலும் 14-வது வாரத்திலும் வலது தோளில் தோலுக்குள் ஒரு சிறு ஊசி போடுகிறார்கள். 2023-லிருந்து 9-வது மாதத்தில் மூன்றாவதும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றின் அளவும் 0.1 மில்லி. வாயில் விழும் இரண்டு சொட்டும் ஏறக்குறைய அதே 0.1 மில்லிதான். ஒரே நோய், ஒரே அளவு மருந்து, போடுவதும் ஒரே கை. ஒன்றுக்கு விரல் உயர்கிறது, மற்றொன்றுக்கு அலறல் எழுகிறது.

இடத்திலிருந்து தொடங்குவோம். இந்தியா முழுவதும் பல்ஸ் போலியோ 1995-ல் தொடங்கியது. முதலில் மூன்று, பிறகு ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் மருந்து போய்ச் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதனால் பிள்ளையை மருந்திடம் வரச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. மருந்துதான் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் கோயில் வாசலுக்கும் குப்பத்துக்கும் போனது. 2024 மார்ச் 3-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டில் மட்டும் 43,000-க்கும் மேற்பட்ட மையங்கள். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27-ம் தேதி இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. தெருவுக்கு இறங்கி வந்த ஒரு மருந்தின் வெற்றி அது.

ஊசியின் கதை நேர் எதிர்த் திசையில் போனது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அப்போது திருவொற்றியூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் துயரத்துக்குப் பிறகு சில காலம் தமிழ்நாட்டில் ஊரில் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது, தவறு சொல்ல முடியாது. ஆனால் சொட்டு தெருவில் நின்றது, ஊசி கதவுக்குப் பின்னால் போனது. கதவுக்குப் பின்னால் நடப்பதைக் குழந்தை காதால்தான் தெரிந்துகொள்கிறது. காதில் விழுவதெல்லாம் அழுகை.

மூத்த தலைமுறைக்கும் இந்த ஊசி பயம் புதிதல்ல. திருவொற்றியூரில் எழுபது கடந்த ஆயாக்களின் தோளில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மை குத்த ஆள் வருகிறார் என்றால் பிள்ளைகளைப் பரணிலும் நெல் குதிருக்குப் பின்னாலும் ஒளித்துவைத்த கதைகளை அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஊசியால்தான் பெரியம்மை ஒழிந்தது. இந்தியா பெரியம்மை அற்ற நாடு என்று 1977-ல் சான்றளிக்கப்பட்டது. நோய் போய்விட்டது. ஒளிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் குடும்பம் குடும்பமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது உடம்பு நிற்கும் நிலை. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், பலரும் கவனிக்காததும் இதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை நிமிர்ந்திருக்கிறது. இடுப்பிலோ மடியிலோ இருந்தபடி எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறது, முதுகுக்குப் பின்னால் அம்மாவின் கை இருக்கிறது. புதன்கிழமைப் பிள்ளையை எத்தனையோ இடங்களில் மேசைமேல் மல்லாக்கக் கிடத்துகிறார்கள். அங்கே வேலை செய்யும் ஆயாம்மா கால்களைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருவர் கைகளை அமுக்குகிறார். அம்மா தாங்கமாட்டாள் என்று அவளை வெளியே நிற்கச் சொல்வதும் உண்டு. ஒரு வயதுப் பிள்ளைக்கு மல்லாக்கக் கிடப்பது என்றால் என்ன? உலகம் முழுவதும் போய், கூரை மட்டும் மிஞ்சுவது.

எனக்கு ஆறு வயதில் நடந்தது நினைவிருக்கிறது. ஒரு கிளினிக். "எடை பார்க்கத்தாண்டா" என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். உள்ளே போனதும் நான்கு கைகள் அமுக்கிக்கொண்டன. ஊசி எங்கே போட்டார்கள் என்றுகூட இன்று நினைவில்லை. சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியும், வேறு பக்கம் திரும்பிக்கொண்ட என் அத்தையின் முகமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறுவதற்கே நான் பயந்தேன்.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி வெளியிட்ட அறிக்கை சொல்வதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. அம்மாவோ அப்பாவோ கூடவே இருக்கட்டும். கைக்குழந்தையும் சிறு பிள்ளையும் மடியில் இருக்கட்டும். பெரிய பிள்ளை நிமிர்ந்து உட்காரட்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஊசிக்குச் சற்று முன்போ ஊசி போடும்போதோ பால் கொடுக்கலாம். ஊசியைக் குத்தியபின் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம். அது வலியைக் கூட்டுகிறது, தடுப்பூசி போடும் இடங்களில் அதற்குத் தேவையும் இல்லை. ஒரே நாளில் பல ஊசி என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடலாம். குத்தப்போகும் இடத்தைத் தேய்த்துவிடுவது, கிள்ளிவிடுவது போன்ற நம் பழக்கங்களை அது பரிந்துரைக்கவில்லை. இவற்றோடு, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தில் சர்க்கரை இருப்பதால் ஊசிக்கு முன்னால் அதைக் கொடுத்துவிட்டால் அந்த இனிப்பே கொஞ்சம் ஆறுதல் தரும். சொட்டு ஊசிக்குத் துணைவரும் வழி இது. ஒரே அறையில், ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டையும் எந்த வரிசையில் எடுப்பது என்பதுதான் விஷயம்.

பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடலாம் என்பதை நம் சுகாதார நிலையங்களில் நடத்திக்காட்ட ஒரு நாற்காலியும் ஒரு திரைச்சீலையும் வேண்டும். கூட்டத்துக்கு நடுவே எந்தப் பெண்ணும் பால் கொடுக்க உட்காரமாட்டாள். அந்தத் திரைச்சீலை இல்லாத இடத்தில் இந்தப் பரிந்துரை வெறும் காகிதம்.

இனி வார்த்தைகள். "ஆ காட்டு" என்பது ஞாயிறின் வார்த்தை. என்ன செய்ய வேண்டும் என்று அது பிள்ளைக்குச் சொல்கிறது, சொன்னபடியே நடக்கிறது. அந்த மருந்து தேனாக இனிப்பதும் இல்லை. சில பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கின்றன. இனிப்பாக இருக்கும் என்று யாரும் சொல்லாததால், யாரும் ஏமாறவும் இல்லை. "ஒண்ணுமில்ல, வலிக்கவே வலிக்காது" என்பது புதனின் வார்த்தை. அடுத்த நொடியே அது பொய் என்று தெரிந்துவிடுகிறது. அதைச் சொன்னவர் அம்மா என்பது கூடுதல் கொடுமை. இதைவிட நம் முன்னோர்கள் சொன்ன "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பது எவ்வளவோ மேல். எறும்புக்கடி வலிக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்றும் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் உண்மையும் இருக்கிறது, ஆறுதலும் இருக்கிறது. நாம் அதை விட்டுவிட்டு "வலிக்காது" என்பதைப் பிடித்துக்கொண்டது நஷ்டம்தான்.

வீட்டில் நடப்பதைச் சொல்லாமல் இது முடியாது. "சாப்பிடல, சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." வடசென்னையில் இந்த வாக்கியம் காதில் விழாத தெரு இல்லை, தமிழ்நாட்டிலேயே இருக்காது என்று நினைக்கிறேன். பூச்சாண்டி வேலை போய், அந்த வேலையை சிஸ்டர் செய்கிறார். சொட்டு மருந்து ஊத்திடுவாங்க என்று சொல்லி எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் மிரட்டியது இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை அளக்க எனக்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடைக்கவில்லை.

இந்த மிரட்டல் எந்த வயதில் விழுகிறது என்று பார்த்தால் இன்னொன்று தெரியும். ஆறு வாரக் குழந்தைக்கு வலி உண்டு, பயம் கிடையாது. ஊசி எடுத்தபின் மார்போடு அணைத்தால் அழுகை அடங்கிவிடும். ஒன்பது மாதத்தில் அந்நிய முகம் என்றாலே அழும் பருவம். ஒன்றரை வயதில் இடம் நினைவிருக்கும். அரசின் அட்டவணையில் 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊசிகளுக்குப் பிறகு அடுத்தது ஐந்து, ஆறு வயதில் வரும் டி.பி.டி. ஊசிதான். நடுவில் மூன்று நான்கு வருடம் தடுப்பூசி கிடையாது. பேச்சு வளர்ந்து, கற்பனை வளர்ந்து, பயமும் வேர்விடும் வருடங்கள் அவை. அந்த இடைவெளியில் பிள்ளை ஊசியை நேரில் பார்ப்பது காய்ச்சலுக்குக் கிளினிக் போகும்போது. காதால் கேட்பதோ தினமும், சோற்றுத் தட்டுக்கு முன்னால். அதே வருடங்களில் சொட்டு மருந்து மட்டும் ஒவ்வொரு ஞாயிற்று முகாமிலும் தவறாமல் வந்து, அன்பாக வாய் திறக்கச் சொல்லி, விரலில் மை வைத்துவிட்டுப் போகிறது. ஒன்று பழகிப் பழகி வருகிறது, மற்றொன்று பார்க்காமலே பெரிதாகிறது. ஐந்து வயதில் அந்த ஊசி அறைக்குள் நுழையும் பிள்ளை உண்மையில் எதிர்கொள்வது ஒரு ஊசியை அல்ல, மூன்று வருடம் வீட்டில் சேர்த்துவைத்த ஊசியை.

வரிசையும் இப்படித்தான். சொட்டு மருந்து வரிசையில் முன்னால் நிற்கும் பிள்ளை வாயைத் திறப்பதைப் பார்த்துப் பின்னால் நிற்கும் பிள்ளையும் தயாராகிறது. ஊசி வரிசையில் முன்னால் ஒன்று அழுவதைப் பார்த்துப் பின்னால் பத்து அழுகின்றன. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடும் பெரும் முகாம் தொடங்கியபோது பள்ளிக்கூடங்களில் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகள் பெற்றோரையும் கலங்கடித்தன. பதற்றத்தால் மயங்கி விழுவது, மூச்சு வாங்குவது ஊசி மருந்தின் விளைவல்ல, ஊசி பற்றிய பயத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தனிக் கையேடே வெளியிட்டது. ஒருவருக்குப் போடுவதை மற்றவர் பார்க்காதபடி மறைப்பு வேண்டும் என்பது இதில் எல்லோரும் சொல்லும் எளிய வழி. சொட்டுக்குத் திறந்த இடம் தைரியம் தருகிறது, ஊசிக்குத் திரை தைரியம் தருகிறது. ஞாயிறில் இருப்பதை எல்லாம் அப்படியே தூக்கிப் புதனில் வைத்துவிட முடியாது என்பதை இங்கேதான் உணர்ந்தேன்.

எண்ணூர்ப் பக்கம் போனால் மூன்றாவதாக ஒன்று இடையில் வந்து நிற்கிறது: மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுக்கும் நெபுலைசர் மாஸ்க். அனல்மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் பெட்ரோலிய ஆலையும் கண்டெய்னர் லாரிப் புழுதியும் சூழ்ந்த அந்தக் குப்பங்களில் 'வீசிங்' என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு முகத்துவாரம் வரை வந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். புகை கக்கும் இயந்திரத்தோடு ஒரு முகமூடியைக் கொண்டுவந்து மூக்கிலும் வாயிலும் அமுக்கினால் எந்தப் பிள்ளைதான் கத்தாது? இங்கே பயம் வெறும் மனக்கஷ்டத்தோடு நிற்பதில்லை. அழும் பிள்ளையின் நுரையீரலுக்குள் மருந்து மிகக் குறைவாகத்தான் போகிறது. பிள்ளை அழுதால் சிகிச்சையே பாதி வீண். அதனால்தான் அனுபவப்பட்ட அம்மாக்கள் மாஸ்க்கை முதலில் தங்கள் முகத்தில் வைத்துக்காட்டி, பிறகு பொம்மைக்கு வைத்து, கடைசியில் மடியிலிருக்கும் பிள்ளைக்கு வைக்கிறார்கள். வேறு வழியில்லாமல் அவர்களே கண்டுபிடித்த முறை இது. ஞாயிற்று மேசையில் இருப்பதும் இதே முறைதான்: மடி, நிமிர்ந்த முகம், கண்ணால் பார்த்துப் பழகுவது.

புதன்கிழமைக்கு நியாயமும் சொல்ல வேண்டும். சொட்டு ஒரு நோயைத் துரத்தியது. ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, தட்டம்மை என்று ஒரு பட்டாளத்தோடு மோதுகிறது. அதைப் போடும் சிஸ்டரின் பக்கத்திலும் நின்று பார்க்க வேண்டும். ஒரு காலையில் அத்தனை பிள்ளைகள், ஒவ்வொன்றுக்கும் அட்டை, கர்ப்பகாலப் பதிவின் பிக்மி எண், தடுப்பூசிக்கான யு-வின் இணையப் பதிவு, பெட்டியின் குளிர்ச்சி, எந்தத் தொடை, எந்தத் தோள். அவரைப் போய் இன்னும் மெல்லப் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் கேட்பதைவிட, அவருக்குக் கொடுக்க வேண்டியவை அதிகம்: பதிவு எழுத இன்னொரு கை, ஒரு திரை, மேசைக்குப் பதில் அம்மா உட்கார ஒரு தாழ்வான நாற்காலி. சொட்டு மருந்து நாளில் ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சு ஒன்றை மேசைமேல் வைத்து, வரும் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கவிட்டால்கூட அந்த மூன்று வருட இடைவெளியில் ஒரு சின்னப் பாலம் போட்டதாகும்.

ஞாயிறிடம் இல்லாத ஒன்று புதனிடம் இருக்கிறது: அரை மணி நேரம். ஊசி போட்டபின் பிள்ளைக்கு எதுவும் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். வராண்டாவில் உட்கார்ந்து "இன்னா சிஸ்டர், கெளம்பட்டா" என்று கேட்டுக்கொண்டே பலரும் கழிக்கும் நேரம் அது. அந்த நேரம் பிள்ளைக்குப் பெரிய நேரம். நடந்து முடிந்ததைப் பிறகு எப்படிப் பேசுகிறோமோ அப்படித்தான் அது பிள்ளையின் நினைவில் படிகிறது என்று குழந்தைகளின் வலியை ஆராய்கிறவர்கள் காட்டியிருக்கிறார்கள். "பாவம், எப்படி அழுதான் பாரு" என்று பத்துப் பேரிடம் சொன்னால் அவனுக்கு அழுகைதான் மிஞ்சும். "வலிச்சுது, ஆனா கையை ஆட்டாம வச்சிருந்தே இல்ல" என்றால் அதுவும் மிஞ்சும். இரண்டுமே நடந்தவைதான்.

2024 மார்ச் முகாமுக்குப் பிறகு வந்த ஒரு புதன்கிழமை. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தின் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வயதுப் பையன் ஒருவனை அவனுடைய ஆயா அழைத்து வந்திருந்தார். மீன் கூடை தூக்கிப் பழகிய கைகள். உள்ளே போகும் முன்பு அவனை நிறுத்தி, "வலிக்கும்டா. எறும்பு கடிக்கும் பாரு, அவ்ளோதான். ஆயா மடியில உக்காந்துக்கோ. எந்தக் கைல போடணும், நீயே சொல்லு" என்றார். அவன் யோசித்து இடது கையைக் காட்டினான். உள்ளே ஒரு கத்தல் கேட்டது, ஒன்றே ஒன்று. வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, பதிவு எழுதிக்கொண்டிருந்த சிஸ்டரின் மேசைக்குத் தானாகவே போனான். இடது சுண்டுவிரலை நீட்டினான். அவர் புரியாமல் பார்த்தார். "மை" என்றான். புதன்கிழமை மை ஏது? சிஸ்டர் கையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவாலேயே அவன் நகத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார்.